முன்னோட்டமும் எச்சரிக்கையும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் மழையைப் படித்தறிதல்

தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருக்கும் நேரத்தில், மாலை நான்கு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ சென்று பாருங்கள். சேலையும் முறுக்கும் குத்துவிளக்கும் விற்போர், வாங்க வருவோரைப் பார்ப்பதைவிட வானத்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருப்பர். தார்ப்பாயை இப்போதே இறக்கிக் கட்டுவதா, இன்னும் அரைமணி நேரம் பொறுப்பதா என்ற கேள்வி அவர்கள் முகத்திலேயே தெரியும். ஒரு மாலை மழை ஒரு நாள் வருமானத்தையே கொண்டுபோய்விடும்.

அதே மாதங்களில் காஷ்மீரின் குல்மார்க் போன்ற பனிச்சறுக்குத் தளங்களிலும் மனிதர் வானத்தைப் பார்த்து நிற்கின்றனர். விடுதி நடத்துவோரும் சறுக்குப் பயிற்றுநரும் வண்டி இழுப்போரும், 'இந்த ஆண்டு பனி எப்போது விழும்? போதிய அளவு விழுமா?' என்று கேட்கின்றனர். அவர்களுக்குப் பனி வராவிட்டால் நட்டம்; நம் வணிகருக்கு மழை வந்தால் நட்டம். இரு சாராருக்கும் விடையளிக்க முயல்வது ஒரே அறிவியல்தான். பருவ முன்னோட்டம் என்பது அதன் பெயர்.

முன்னோட்டத்தை எப்படிப் படிப்பது, எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் ஏட்டறிவுக்காக அன்று. 2021 டிசம்பரில் கிள்ளான் ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே இரவில் வீட்டுப் பொருள் அனைத்தையும் இழந்தன. அவற்றுள் நம் சமூகத்தவர் குடும்பங்களும் ஏராளம். அந்நிகழ்வைப் புரிந்துகொள்ள இப்பாடம் தேவை.

மூன்று சொற்கள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா, மலாய் மொழியில் மூன்று சொற்களைத் தனித்தனியே கையாள்கிறது. தீஞ்சாவான், ராமாலான், அமாரான் என்பன அவை. நாமோ தமிழில் பேசும்போது மூன்றையும் 'வானிலை அறிக்கை' என்ற ஒரே பெயரால் குறித்துவிடுகிறோம். குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தீஞ்சாவான் என்பதை முன்னோட்டம் எனலாம். இது மாதக்கணக்கில் பேசுவது. அடுத்த ஆறு மாதங்களில் எந்த மாநிலத்தில் மழை வழக்கத்தை ஒட்டியிருக்கும், எங்கே கூடும், எங்கே குறையும் என்பதைத் துறை மாதந்தோறும் வெளியிடுகிறது. ராமாலான் என்பது முன்னறிவிப்பு. இது நாள்கணக்கில் பேசுவது. 'நாளை மாலை சிலாங்கூரில் இடியுடன் கூடிய மழை' என்பது இவ்வகை. அமாரான் என்பது எச்சரிக்கை. இது மணிக்கணக்கில் பேசுவது. இடிமழை எச்சரிக்கை ஒன்று ஒரு முறை வெளியிடப்பட்டால் ஆறு மணி நேரத்திற்கு மேல் செல்லாது. தொடர்மழைக்கான எச்சரிக்கையோ வாஸ்பாடா, பூரோக், பஹாயா என மூன்று படிகளில் வரும். விழிப்பு, மோசம், ஆபத்து என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம்.

இம்மூன்றுக்கும் உரிய முடிவுகள் வேறு வேறு. சந்தையில் கடை போடும் ஒருவர் முன்னோட்டத்தைப் பார்த்து நல்ல கூடாரம் வாடகைக்கு எடுக்கலாம். முன்னறிவிப்பைப் பார்த்து நாளைக்கு எவ்வளவு பலகாரம் சுடுவது என்று தீர்மானிக்கலாம். எச்சரிக்கையைப் பார்த்ததும் தார்ப்பாயை இறக்க வேண்டும். முன்னோட்டத்தைப் பார்த்துத் தார்ப்பாயை இறக்குவதும், எச்சரிக்கையைப் பார்த்த பிறகு கூடாரம் தேடுவதும் பயன் தரா.

பள்ளத்தாக்கின் ஓராண்டு

முன்னோட்டம் 'வழக்கத்தைவிட' என்றுதான் பேசும். ஆகவே வழக்கம் எது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீசுகின்றன. இவற்றுக்கிடையே ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும் காற்று மாறும் இடைக்காலங்கள் உள்ளன. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்களுக்கு வடகிழக்குப் பருவக்காற்றே பெருமழைக் காலம். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அப்படியன்று. தீத்திவங்சா மலைத்தொடர் இடையில் நின்று அந்தக் காற்றின் ஈரத்தைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. நமக்கு மழை மிகுவது காற்று மாறும் இடைக்காலங்களில்தான். குறிப்பாக, அக்டோபரும் நவம்பரும் உச்ச மாதங்கள்.

காரணம் எளிது. அக்காலத்தில் பெருங்காற்று எதுவும் வலுவாக வீசுவதில்லை. காலை வெயிலில் நிலம் சூடேறுகிறது. நண்பகலுக்குப் பின் மலாக்கா நீரிணையிலிருந்து ஈரமான கடற்காற்று உள்நோக்கி வருகிறது. மலையடிவாரத்தை நெருங்கும் அக்காற்று மேலெழும்பி, கருமேகமாகி, மாலையில் இடியுடன் கொட்டுகிறது. அலுவலகம் விடும் நேரமும் மழை தொடங்கும் நேரமும் பல நாள்களில் ஒன்றாக அமைவது இதனால்தான்.

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த பழமொழிகளுள் ஒன்று 'ஐப்பசி அடைமழை' என்பது. ஐப்பசி இங்கும் மழை மாதமே. ஆனால் மழையின் தன்மை வேறு. தமிழகத்தில் அது வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலிலிருந்து வரும் காற்றும் தாழ்வழுத்தமும் நாள்கணக்கில் விடாது பெய்விப்பது. அடைமழை என்ற சொல் அதற்கே பொருந்தும். பிரிக்பீல்ட்ஸில் ஐப்பசி மாதம் பெய்வது பெரும்பாலும் இரண்டு மணி நேர இடிமழை. பழமொழி கடல் கடந்து வந்து பொருந்தியது. அதன் காரணம் பொருந்தவில்லை.

நம் திருவிழாக்களை வைத்தே இதை நினைவிற்கொள்ளலாம். தீபாவளி மழை உச்சத்தில் வருகிறது. தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில், அதாவது மேற்குக்கரையில் மழை ஒப்பீட்டளவில் குறைந்திருக்கும் காலத்தில் வருகிறது. பத்துமலைக்குக் காவடி எடுப்போர் தாரை வெம்மையிலும், தீபாவளிக்குக் கடைவீதி செல்வோர் குடையோடும் நடப்பது தற்செயலன்று.

கடலில் உருளும் பகடை

வழக்கம் ஏன் சில ஆண்டுகளில் மாறுகிறது? முதன்மைக் காரணங்களுள் ஒன்று பசிபிக் பெருங்கடலில் உள்ளது. அதன் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்நீர் வழக்கத்தைவிடச் சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாகி, அந்நிலை மாதக்கணக்கில் நீடித்தால் அதை எல் நினோ என்பர். அதே அளவு குளிர்ந்தால் லா நினா. எல் நினோ காலத்தில் மழைமேகங்கள் திரளும் இடம் பசிபிக்கின் நடுப்பகுதியை நோக்கி நகர்வதால், மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவாக வறள்கின்றன. லா நினாவில் மழை பொதுவாகக் கூடுகிறது. காற்று மாதக்கணக்கில் நினைவு வைத்திருப்பதில்லை, கடல் வைத்திருக்கும். நீர் சூடேறவும் ஆறவும் நெடுங்காலம் ஆவதால்தான் மாதங்களுக்கு முன்பே ஏதாவது சொல்ல முடிகிறது.

ஆயினும் அது சொல்வது உறுதிமொழி அன்று; வாய்ப்பு மட்டுமே. கடந்த பல ஆண்டுகளின் மழையளவை மூன்று சம பங்காகப் பிரித்துக்கொள்வோம்: குறைவு, வழக்கம், அதிகம். எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 33 விழுக்காடு. முன்னோட்டம் வெளியாகி, அதிகத்திற்கு 50, வழக்கத்திற்கு 30, குறைவுக்கு 20 என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். படிப்பவர் 'இவ்வாண்டு பெருமழை' என்று முடிவு செய்துவிடுவார். ஆனால் அதே முன்னோட்டத்தின்படி, பெருமழை வராமலிருக்கவும் வாய்ப்பு சரிபாதி. குறைந்த மழைக்குக்கூட ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பகடையின் ஒரு முகம் சற்றுக் கனத்திருக்கிறது; அவ்வளவே.

நம் பள்ளத்தாக்கின் அனுபவமே இதற்குச் சான்று. 1997, 1998ஆம் ஆண்டுகளின் கடும் எல் நினோவில் நாடு வறண்டது. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் வெப்பம் 40.1 டிகிரியைத் தொட்டது. அவ்வாண்டு கோலாலம்பூர் வட்டாரத்தில் குடிநீர் பங்கீடு செய்யப்பட்டது. பாடநூலுக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஆனால் 2014 தொடக்கத்தில் சிலாங்கூரில் மீண்டும் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது எல் நினோ இல்லை. பசிபிக் நடுநிலையில் இருந்தது; வறட்சி வேறு வழியாக வந்தது.

பனிமலை கற்பிக்கும் பாடம்

பனிச்சறுக்குத் தளங்கள் இப்பாடத்தை நம்மைவிட நன்கு அறிந்தவை. அங்கே பருவம் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்: எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது, அறைகளுக்கு எப்போது முன்பதிவு தொடங்குவது, இயந்திரத்தால் செயற்கைப் பனி தூவுவதா என்பன போன்றவை. செயற்கைப் பனிக்கும் காற்று உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆகவே அங்குள்ளோர் முன்னோட்டத்தை ஆவலோடு படிக்கின்றனர். படித்துவிட்டு அது பொய்க்கும்போது என்ன செய்வது என்பதற்கும் ஆயத்தமாக இருக்கின்றனர்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கில் பனியைக் கொண்டுவருவது பருவமழை அன்று. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி வரும் 'மேற்கத்தியக் கலக்கங்கள்' எனப்படும் காற்றழுத்த மண்டலங்களே. 2024 ஜனவரியில் அவை வலுவாக வரவில்லை. உலகறிந்த அந்தப் பனிச்சரிவு பெரும்பகுதி பழுப்பு நிறப் புல்வெளியாகக் கிடந்தது. பயணிகள் திரும்பிச் சென்றனர். அது எல் நினோ ஆண்டு. அடுத்த ஆண்டு, 2025 தொடக்கத்தில், பசிபிக்கில் வலுவற்ற லா நினா நிலவியது. அப்போதும் பனி போதவில்லை. பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் ஒத்திவைக்கப்பட்டு மார்ச் மாதம் நடந்தன. பகடையின் எதிரெதிர் முகங்கள் விழுந்த இரண்டு ஆண்டுகளில் விளைவு ஒன்றுபோலவே அமைந்தது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. லா நினா நிலவிய 2022ஆம் ஆண்டு இறுதியில், கலிபோர்னியாவின் தென்பகுதியில் மழையும் பனியும் குறையும் வாய்ப்பே அதிகம் எனப்பட்டது. வந்ததோ வரலாறு காணாத பனி. சியரா நெவாடா மலையிலுள்ள மாமத் பனிச்சறுக்குத் தளத்தில் அந்தப் பருவம் முழுவதுமாக 18 மீட்டருக்கும் மேல் பனி விழுந்தது. முன்னோட்டம் பொய் சொன்னதாக நாம் கருதத் தேவையில்லை. குறைந்த வாய்ப்பு என்று அது சொன்னது. குறைந்த வாய்ப்பும் சில வேளை நடந்தே தீரும்.

'நமக்கில்லை' என்ற நம்பிக்கை

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஆண்டுதோறும் நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று குறித்த அறிவிப்பு வெளியாகும்போது, முதலில் பெயர் சொல்லப்படுவன கிழக்குக்கரை மாநிலங்களும் சரவாக், சபாவும்தான். அது சரியானதே. 2014 டிசம்பரில் கிளந்தானை முழுகடித்த வெள்ளம் அதற்குச் சான்று. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதையே கேட்டுக்கேட்டு, பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது: 'டிசம்பர் வெள்ளம் கிழக்குக்கரைக்கு, நமக்கில்லை.'

2021 டிசம்பர் நடுவில், தென்சீனக் கடலில் உருவான வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் ஒன்று கிழக்குக் கரையைத் தொட்டதோடு நிற்காமல் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தது. மழைமேகங்கள் மலைத்தொடரின் மேற்கே நிலைகொண்டன. 17ஆம் தேதி தொடங்கிய மழை, 18ஆம் தேதி சனிக்கிழமை முழுவதும் ஓயவில்லை. கோலாலம்பூரில் ஓராண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். மாதச் சராசரி 200 மில்லிமீட்டர். அந்த ஒரே நாளில் சில இடங்களில் ஒரு மாத அளவையும் தாண்டிப் பெய்தது. அது பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் கடல் ஏற்றமும் மிகுந்திருந்தது. ஆற்றுநீர் எளிதில் கடலில் வடிய இயலவில்லை.

ஷா ஆலாமில் கிள்ளான் ஆற்றை ஒட்டித் தாழ்வாக அமைந்த தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் மாடியை நோக்கி ஏறியது. மக்கள் கூரைகளிலும் மேல்மாடிகளிலும் உணவின்றிக் காத்திருந்தனர். படகு வைத்திருந்த தன்னார்வலர்கள் பலர் தாமாகவே வந்து மீட்டனர். அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்றும், அதில் சிலாங்கூரின் பங்கு மட்டும் 3.1 பில்லியன் ரிங்கிட் என்றும் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. பாதி இழப்பு, 'நமக்கில்லை' என்று நம்பிய மாநிலத்தில்.

இதில் குடியிருந்தோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தாழ்நிலத்தில் வீடமைத்ததும், வடிகால்களின் நிலையும், மீட்புப் பணி தாமதமானதும் அப்போதே விவாதிக்கப்பட்டன. ஆயினும் முன்னோட்டத்தைப் படிக்கும் முறையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 'கிழக்குக்கரைக்கு வாய்ப்பு அதிகம்' என்பதை நாம் 'மேற்குக்கரைக்கு வாய்ப்பே இல்லை' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். கலிபோர்னியாவின் பனியைப் போலவே, குறைந்த வாய்ப்பு ஒரு நாள் வந்து கதவைத் தட்டியது.

வரலாற்றைப் புரட்டியிருந்தால் இது முற்றிலும் புதிதன்று என்பதும் தெரிந்திருக்கும். 1926 டிசம்பரிலும் 1971 ஜனவரியிலும் கோலாலம்பூர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 1971 வெள்ளத்தில் பலர் மாண்டனர். 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமேய் என்ற சூறாவளி, நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் ஒன்றரை பாகை தொலைவில் உருவாகி ஜொகூரில் கரைகடந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்றே அதுவரை பாடநூல்கள் கூறிவந்தன.

நாம் செய்யக்கூடியவை

மழையை நிறுத்த மாணவரால் இயலாது. ஆனால் வீட்டில் இணையத்தையும் கைப்பேசியையும் எளிதாகக் கையாள்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைதான். பாட்டிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் மழைச் செய்தியை விளக்கிச் சொல்லும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.

முதலாவது, நவம்பரில் முன்னோட்டத்தைப் படித்து, பருவத்திற்குரிய பணிகளை முடித்துவிட வேண்டும். பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர்புகாத உறையிலிட்டு உயரத்தில் வைத்தல், வீட்டெதிரே உள்ள வடிகால் அடைப்பை நகராண்மைக் கழகத்திடம் புகார் செய்தல், முதியோரை எங்கே அழைத்துச் செல்வது என்று முன்கூட்டியே பேசிவைத்தல் ஆகியன அப்பணிகள். முன்னோட்டம் வழக்கமான மழை என்றே சொன்னாலும் இவற்றைச் செய்ய வேண்டும். ஏனெனில் இவற்றுக்குச் செலவு குறைவு. செய்யாவிட்டால் இழப்பு பெரிது.

இரண்டாவது, கனமழை வாரங்களில் முன்னறிவிப்பை நாள்தோறும் பார்க்க வேண்டும். தென்சீனக் கடலில் தாழ்வழுத்தம் என்ற செய்தி வந்தால், அது எங்கே கரைகடக்கிறது என்பதோடு, கடந்தபின் எத்திசையில் செல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறினால் அதற்குமேல் காத்திருக்கக்கூடாது. வடிகால் நீர்ப்பாசனத் துறை தன் இணையத்தளத்தில் ஆற்றின் நீர்மட்டத்தை உடனுக்குடன் காட்டுகிறது. உங்கள் வீட்டுக்கு மேற்புறமுள்ள அளவை நிலையம் எது என்று இன்றே கண்டறிந்து குறித்துவைக்கலாம். கோலாலம்பூரில் பெய்த மழை கிள்ளானுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். வாகனத்தை மேட்டில் நிறுத்தவும் தாத்தாவின் மருந்தை எடுத்துக்கொள்ளவும் அந்தச் சில மணி நேரம் போதும்.

சொல்லைத் துல்லியமாகக் கையாள்வது தமிழ்ப் பேரவை மாணவருக்கு விருப்பமான பணி. வடக்கிலிருந்து வரும் காற்றை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பிரித்துப் பெயரிட்டது நம் மொழி. காற்றின் திசை மாறினால் வாழ்வும் மாறும் என்பதை அறிந்தவர்கள் இட்ட பெயர்கள் அவை. அம்மொழியைப் பேசும் நாம், முன்னோட்டம், முன்னறிவிப்பு, எச்சரிக்கை என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பலாகாது. அடுத்த முறை வீட்டுப் புலனக் குழுவில் யாரேனும் 'மழை அறிக்கை வந்திருக்கிறது' என்று அனுப்பினால், 'மூன்றில் எது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே பாதுகாப்பின் முதற்படி.

சிந்தனைக்கு

1. முன்னோட்டம் ஒன்று, அதிக மழைக்கு 45 விழுக்காடு வாய்ப்பு என்கிறது. அதிக மழை வராமலிருக்க வாய்ப்பு எவ்வளவு? இதை உங்கள் பெற்றோருக்கு எப்படி விளக்குவீர்கள்?

2. உங்கள் குடியிருப்புக்கு மிக அருகிலுள்ள ஆறு எது? அதன் ஆபத்து நீர்மட்டம் எத்தனை மீட்டர்?

3. வாயகன்ற நேரான கண்ணாடிக் குவளையும் அளவுகோலும் கொண்டு வீட்டில் மழைமானி அமைக்கலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை தொடங்கிய நேரத்தையும் பெய்த அளவையும் குறித்துவாருங்கள். எத்தனை நாள்கள் மாலையில் பெய்தது? உங்கள் கணக்கை வீட்டிலுள்ள பெரியவர்களின் நினைவோடு ஒப்பிடுக.